எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ராஜா மூசா ஆகிய பக்கங்களில் எந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்றாலும் இன்று ஒரே முணுமுணுப்புத்தான் காதில் விழுகிறது. "வெளிநாட்டான் வந்தான், நம் பிழைப்பில் மண் விழுந்தது" என்பதே அது. டீக்கடையிலும் இதே பேச்சு. கோயில் திருவிழாவிலும் இதே பேச்சு. இப்பொழுது சங்கக் கிளைக் கூட்டத்துக்கும் வந்துவிட்டது. "அவர்களை ஊருக்கு அனுப்பச் சொல்லிச் சங்கம் தீர்மானம் போடவேண்டும்" என்கிறார் ஓர் உறுப்பினர். "அவர்களையும் சங்கத்தில் சேர்க்கவேண்டும்" என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டில் எது தொழிலாளர் பக்கம், எது துரைமார் பக்கம் என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கூலியைக் கீழே பிடித்து இழுப்பவர் வங்காளதேசத் தோழரும் அல்லர். இந்தோனேசியத் தோழரும் அல்லர். நேப்பாளத் தோழரும் அல்லர். அவர்களைக் கட்டிவைத்திருக்கும் பெர்மிட்டுத்தான் இழுக்கிறது. அந்தக் கட்டு அவிழாதவரை, இன்று இருப்பவர்களை அனுப்பிவிட்டாலும் நாளை வேறொரு நாட்டிலிருந்து வேறு ஆட்கள் அதே கட்டோடு வந்து இறங்குவார்கள். நம் கூலி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பெர்மிட் என்று நாம் சொல்வது தற்காலிக வேலைக்கான வருகைப் பாஸ். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. அதில் முதலாளியின் பெயர் இருக்கிறது. என்ன துறை என்பதும் இருக்கிறது. சர்க்கார் தனியாக அனுமதி கொடுத்தாலன்றி அந்தத் தொழிலாளி வேறு முதலாளியிடம் போக முடியாது. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. இங்கே கலியாணம் செய்துகொள்ளவும் முடியாது. அடித்தாலும் வைதாலும், கணக்கில் கைவைத்தாலும், பாஸில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமே இருக்கவேண்டும். தாங்காமல் ஓடிப்போனால் அன்றைக்கே அவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிவிடுகிறார். குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை இருக்கிறது.

"ஏன் ஓடவேண்டும்? தொழில் இலாகாவில் புகார் கொடுக்கலாமே?" என்று கேட்கலாம். கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தவருடைய பாஸை முதலாளி ரத்து செய்துவிட்டால் அவர் நிலை என்ன? வழக்கு முடியும்வரை நாட்டில் தங்க மாதம் 100 வெள்ளி கட்டித் தனிப் பாஸ் வாங்கவேண்டும். அந்தப் பாஸில் வேலை செய்ய உரிமை இல்லை. சம்பளம் இல்லாமல், ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, எத்தனை மாதம் ஒரு மனிதன் நியாயத்துக்குக் காத்திருப்பான்? அதனால்தான் அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜொகூர் பெங்கெராங்கில் நடந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. வேலை தருவதாக அழைத்து வரப்பட்டு, வேலை கொடுக்கப்படாமல் விடப்பட்ட 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்தை நோக்கி நடந்து போனார்கள். வழியிலேயே கைது செய்யப்பட்டார்கள். புகார் கொடுக்கப் போனவனுக்கே இந்தக் கதி என்றால், நம் தோட்டத்தில் இருப்பவர் எப்படி வாய் திறப்பார்?

இது நம் கூலியை எப்படிப் பாதிக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போக முடியாதவனிடம் கூடுதல் நிரை கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாம். மழை நாளில் நிறுத்தி வைக்கலாம். மறுத்துப் பேசமாட்டான். அடுத்த நாள் மண்டோர் நம் ஆளிடம் வந்து, "உனக்கு முடியாவிட்டால் போ, முடியும் என்கிற ஆள் பத்துப் பேர் லயத்தில் இருக்கிறார்கள்" என்கிறார். அந்த வார்த்தைக்கு வலுவைக் கொடுப்பது எது? அந்தப் பத்துப் பேரும் வேறெங்கும் போக முடியாதவர்கள் என்பதுதான். அவர்களும் நம்மைப்போல், "கூலி பற்றாது, பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறேன்" என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தால் மண்டோரின் பேச்சு எடுபடுமா?

தோழர்களே, இந்தக் கட்டு நமக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோரும் கட்டப்பட்டே வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர், கடன் தீர்ந்து காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்குப் போகவேண்டும். அந்த முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பிறகு கங்காணி முறையே பெருகியது. ஊரிலிருந்து நாகப்பட்டினம் டிப்போவுக்கும் ஆவடி டிப்போவுக்கும் வந்து, அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். கங்காணி முறையிலும் கொடுமை குறைவில்லை. தலைக்காசு உண்டு, கடன் உண்டு, துரையின் பிரம்பும் உண்டு. ஆனாலும் அந்தத் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஓர் உரிமை இருந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் தோட்டத்தை விட்டு விலகலாம். வேறு தோட்டத்தில் பெயர் பதியலாம்.

அந்த ஒரு மாத நோட்டீஸ் சாதாரண விஷயமா? அடுத்த தோட்டத்துக்கு ஆள் போய்விடுவான் என்ற பயம் இருந்ததால்தான் துரைமார் ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதாகத் தங்களுக்குள்ளே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆள் போய்விடுவான் என்ற பயம் இருக்கிற இடத்தில்தான் கூலி பேச முடியும். 1910-க்குப் பின் வந்த நம் பாட்டனுக்கு இருந்த அந்த உரிமை, நூறாண்டு கழித்து நம் பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இல்லை. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு முதலாளிமார் அகராதியில் என்ன பொருள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. 1930-ஆம் ஆண்டு வாக்கில் ரப்பர் விலை விழுந்தது. வேலை குறைந்தது. உடனே ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். லாபம் வந்த காலத்தில் அது கம்பெனிக்கு. நஷ்டம் வந்த காலத்தில் பட்டினி நம் ஊர்க் கிராமத்துக்கு. 1938-ஆம் ஆண்டில் மறுபடியும் கூலியில் கைவைத்தார்கள். அப்பொழுதுதான் இந்திய சர்க்கார் இங்கே கூலியாட்கள் வருவதைத் தடைசெய்தது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் தலைவர் ஆர். எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளியை நாட்டைவிட்டு அனுப்பும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, வேலைநிறுத்தத்தை உடைக்கும் அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது. இதை நமக்குச் சொல்லித் தரப் புத்தகம் வேண்டியதில்லை. சிலாங்கூர் மண்ணிலேயே கற்றுக்கொண்ட பாடம் இது.

அடுத்தது 1969. பிரஜாவுரிமை இல்லாதவர் வேலை செய்ய ஒர்க் பெர்மிட் வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இங்கேயே உழைத்து நரைத்தவர்களும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஒரே காரணத்தால், ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஆன குடும்பங்கள் இன்றும் நம் தோட்டங்களில் உண்டு. இலங்கை மலையகத்திலும் 1948-ஆம் ஆண்டில் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தார்கள். ஆகவே, "பெர்மிட் இல்லாதவனை அனுப்பு" என்று தமிழ்த் தொழிலாளி கூவுவது, தன் பாட்டனை அனுப்பியவர்கள் சொன்ன வார்த்தையையே இரவல் வாங்கிச் சொல்வதாகும்.

1969-க்குப் பிறகு காலியான இடத்துக்கு யார் வந்தார்கள்? இந்தோனேசியத் தோழர்கள் வந்தார்கள். 1984-ஆம் ஆண்டில் மேடான் நகரில் இரு சர்க்கார்களும் தோட்ட வேலைக்கு ஆள் தருவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு வங்காளதேசத்தார் வந்தார்கள், நேப்பாளத்தார் வந்தார்கள். பால் மரங்கள் சாய்ந்து செம்பனை எழும்பியது. தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. அந்த நாற்பது ஆண்டுகளில் நம்மவர் பட்டணத்துக்குப் போனதற்குக் காரணம் வெளிநாட்டாரா? லயத்தில் வாழ்ந்தவனுக்குச் சொந்த வீடு இல்லை. வேலை நின்றால் வீடும் நின்றது. நம்மைக் கட்டியிருந்த கயிறு வீடு. அவர்களைக் கட்டியிருக்கும் கயிறு பாஸ். இரண்டு கயிற்றின் நுனியும் ஒரே கையில்தான் இருந்தது.

"வெளிநாட்டான் மலிவு, அதனால்தான் நம்மை ஒதுக்குகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கிராணியின் கணக்கைச் சொல்கிறேன். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது நமக்கும் உண்டு, வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கும் உண்டு. பிறகு மலிவு எங்கிருந்து வருகிறது? சேமநிதியைப் பாருங்கள். நமக்காக முதலாளி கட்டுவது 100-க்கு 13. 1,700 வெள்ளிக்கு 221 வெள்ளி. வெளிநாட்டாருக்கு 2025 அக்டோபர் சம்பளம் முதல்தான் சேமநிதி கட்டாயமாயிற்று. முதலாளி பங்கு 100-க்கு 2. அதாவது 34 வெள்ளி. வித்தியாசம் தலைக்கு மாதம் 187 வெள்ளி. தோட்டத் துறைக்கு 2016-ஆம் ஆண்டில் நிர்ணயித்த லெவி ஆண்டுக்கு 640 வெள்ளி. மாதத்துக்கு 53 வெள்ளி சொச்சம். கழித்துப் பாருங்கள். பிரயாணச் செலவும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் தனியே உண்டு என்பது உண்மை. ஆனாலும் இந்தச் சேமநிதி இடைவெளி, நம்மை விட்டு அவரை எடுத்தால் கம்பெனிக்கு லாபம் என்று சட்டமே சொல்வது போல் இருக்கிறது. அவருக்கும் 13 கட்டு என்று நாம் கேட்டால் அவருக்கும் நன்மை. நம் வேலைக்கும் காவல்.

அந்த லெவியின் கதையும் இதுதான். 2013-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் வந்தவுடன் முதலாளிமார் கூச்சலிட்டார்கள். லெவியைத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 2018-ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் முதலாளி தலையில் போடப்பட்டது. நடுவில் போன ஐந்தாண்டுப் பணம் ஏழைத் தொழிலாளியின் பணம்.

இனி, தரகர் கொள்ளை. ஊரில் நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, தரகருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டே அவர் விமானம் ஏறுகிறார். கங்காணிக் கடன் கப்பலில் வந்தது. இந்தக் கடன் விமானத்தில் வருகிறது. 2024-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதிக்குள் வந்து சேரவேண்டும் என்று சர்க்கார் கெடு வைத்தபொழுது, பணம் கட்டிய ஆயிரக்கணக்கான வங்காளதேசத்தார் வர முடியாமல் டாக்காவிலேயே நின்றுவிட்டார்கள். கடன் மட்டும் நிற்கவில்லை.

"இதையெல்லாம் மாற்ற முடியுமா?" என்றால், முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் செப்டம்பரில் எஃப்ஜிவி கம்பெனியின் பாமாயிலையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் கம்பெனியின் பாமாயிலையும் தடுத்தது. அதற்குப் பிறகு சைம் டார்பி தரகர்க் கட்டணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பித் தர 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது; 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. முடியாது என்றிருந்தது முடிந்தது! ஆனால் அந்த வேலையை வாஷிங்டன் சுங்க இலாகா செய்ததே அன்றி நாம் செய்யவில்லை. பக்கத்து லயத்துத் தொழிலாளியின் கஷ்டம் நம் சங்கக் கிளைக்கு முன்னால் அமெரிக்காவுக்குத் தெரிந்தது என்றால் அது நமக்குப் பெருமையா?

பிற நாட்டுத் தொழிலாளர் செய்ததையும் பார்ப்போம். அமெரிக்காவில் 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து 'பிராசெரோ' என்ற ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுகளில் கலிபோர்னியாத் தோட்டங்களில் சங்கம் வேர்விடவே பெரும்பாடு பட்டது. முறை ஒழிந்த மறு ஆண்டு, 1965 செப்டம்பரில், டிலானோ ஊரில் பிலிப்பீன் தொழிலாளர்கள் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதுவரை ஓர் இனத்தின் வேலைநிறுத்தத்தை உடைக்க மற்றோர் இனத்தைக் கொண்டுவருவது பண்ணையாரின் வழக்கம். இம்முறை சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வம்சத்தார் சில நாளில் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாண்டு விடாமல் நின்று 1970-இல் ஒப்பந்தம் வாங்கினார்கள்.

மேற்கு ஜெர்மனியில் 1961-ஆம் ஆண்டில் துருக்கியிலிருந்து ஆள் எடுக்க ஒப்பந்தம் ஆயிற்று. அங்கே தொழிற்சங்கங்கள் முதலிலேயே, "வருகிறவருக்கும் எங்களுக்கும் ஒரே கூலி" என்று நிபந்தனை போட்டன. வந்தவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டன. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டார் தொழிற்சாலைக் குழுத் தேர்தலிலேயே நிற்கலாம் என்றாயிற்று. மலிவாக வந்தவன் மலிவாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் ஜெர்மன் தொழிலாளியின் கூலியும் அவனோடு கீழே போயிருக்கும்.

நம் கிளைகளில் சொல்லப்படும் ஆட்சேபங்களும் இல்லாமல் இல்லை. "இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடுவார்கள், சந்தா வீண்" என்கிறார்கள். பாஸைப் பத்தாண்டு வரை புதுப்பிக்கிறார்கள். பத்தாண்டு ஒரே தோட்டத்தில் இருக்கும் நம்மவர் எத்தனை பேர்? "பாஷை தெரியாது" என்கிறார்கள். வேலைக் காட்டில் மலாய் பேசிப் பழகிக்கொள்கிறோமே, சங்கத்தில் மட்டும் ஊமையாகி விடுவோமா? "வேலைநிறுத்தம் வந்தால் கருங்காலி ஆவார்கள்" என்கிறார்கள். வெளியே நிறுத்தினால்தான் ஆவார்கள். சங்கத்தில் சேர்வதை எந்த வேலை ஒப்பந்தமும் தடுக்கக்கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. கதவு திறந்திருக்கிறது, நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

"அப்படியானால் நம் வேலைக்கு என்ன காவல்?" என்ற கேள்வி நியாயமானது. அதே சட்டம், வெளிநாட்டாரை எடுப்பதற்காக உள்நாட்டாரை நீக்கக்கூடாது என்கிறது. ஆட்குறைப்பு வந்தால் முதலில் உள்நாட்டாரை வெளியேற்றக்கூடாது என்கிறது. அதைச் சங்கம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். அது ஒன்று, பக்கத்தில் வேலை செய்பவனைப் பகைப்பது வேறு.

ஆகவே நம் கிளைகள் கேட்கவேண்டியவை இவை. தொழிலாளி, நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதே துறையில் வேறு முதலாளியிடம் போகும் உரிமையைப் பாஸில் எழுதவேண்டும். பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கவேண்டும்; பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தரகர்ச் செலவு முழுவதும் முதலாளியுடையது. சேமநிதி இருவருக்கும் ஒரே விகிதம். புகார் கொடுத்தவர் வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி. இவற்றோடு, உள்நாட்டு இளைஞர் தோட்டத்தில் நிற்கும்படியான கூலியும் சொந்த வீடும்.

கிராணிமார் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோல் நம் கையில் இருக்கிறது. யார் பெயருக்கு நேரே எத்தனை நாள், எத்தனை கிலோ, என்ன பிடித்தம் என்பதை எழுதுகிறவர்கள் நாம். ஆபீஸ் இரும்புப் பெட்டியில் யாருடைய பாஸ்போர்ட் கிடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது உத்தியோக விசுவாசமாகாது. பிடித்தத்தின் காரணத்தை அந்தத் தொழிலாளிக்குப் புரியும் பாஷையில் சொல்வதும், சம்பளச் சீட்டைத் தவறாமல் கையில் கொடுப்பதும் எந்தச் சட்டத்தையும் மீறிய காரியமல்ல.

வருகிற கிளைக் கூட்டத்தில் அந்த இரண்டு தீர்மானங்களும் நம் முன்னால் வரும். "அனுப்பிவிடு" என்பதற்குக் கை தூக்கினால் துரைமாருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அவர்களுக்கு வேறு கப்பல் வரும். "சேர்த்துக்கொள்" என்பதற்குக் கை தூக்கினால்தான் அவர்களுக்குக் கணக்குத் தப்பும். சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளி எந்தக் கணக்கைத் தப்பவைக்கப் போகிறார் என்பதை அந்தக் கூட்டம் சொல்லட்டும். உறுப்பினர் படிவங்களில் சிலவற்றை மலாயிலும் வங்காளியிலும் அச்சடித்து வைக்கும்படி கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.